தம்பியின் பெயரில் முப்பத்தெட்டு சண்டைகள்

அய்பார் முதன்முதலாகத் தம்பியாகி எடை பார்க்கும் மேடையில் ஏறியபோது அவனுக்குப் பதினைந்து வயது. கையில் இருந்த பிறப்புச் சான்றிதழின்படி பதின்மூன்று.

சான்றிதழை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் அம்மா ரௌஷான். ஊரில் இருந்த ஒரே குத்துச்சண்டைக் கூடத்தின் பயிற்சியாளர் கப்பாஸ் வீட்டுக்கே வந்து கேட்டார். பையன்கள் அவரை 'அகாய்' என்று கூப்பிடுவார்கள். பள்ளி வாத்தியாருக்கும் அதே மரியாதைதான். பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"சின்னவனோட சான்றிதழைக் குடும்மா. ஒரே ஒரு வருஷத்துக்கு."

"பெரியவனுக்கே ஒண்ணு இருக்கே அண்ணே. அது ஆகாதா?"

"இவன் பிறந்த வருஷத்துக்காரனுங்க இந்த எடையில நாலு பேர் இருக்கானுங்க. தினமும் சவரம் பண்றவனுங்க. எல்லாம் தம்பி காகிதம், சித்தப்பா மகன் காகிதம். நாம மட்டும் யோக்கியமா சொந்தக் காகிதத்துல போனா, உதை வாங்கிட்டு வந்து உனக்குத்தான் ஒத்தடம் குடுக்கிற வேலை."

அவர் சொன்னது பொய்யில்லை. கரகண்டா நகரத்தைச் சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்க ஊர்களின் கூடங்களில் அப்போது பாதிப் பையன்கள் வேறு யாராகவோதான் ஆடினார்கள். பதினாறு வயதில் அடையாள அட்டை வரும்வரை காகிதத்தில் முகம் கிடையாது. அண்ணன் தம்பி ஒரே சாடையாக இருந்தால் போதும். அம்மா சுரங்கத்து உணவுக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். அப்பா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பெரியவன் எதிலாவது முன்னுக்கு வருகிறான் என்றால் ஒரு காகிதத்தைக் கொடுக்க அவள் ஏன் யோசிக்கப்போகிறாள்?

காகிதத்துக்குச் சொந்தக்காரன் பெகாரிஸ். கண்ணாடி போட்ட, மெலிந்த பையன். எலிப்பொறியில் எலி மாட்டினால் அதைக் கொண்டுபோய் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவான். கரகண்டாவிலிருந்து அல்மாட்டிவரை எல்லா ரயில் நிலையங்களையும் வரிசையாக, மூச்சு விடாமல் ஒப்பிப்பான். குத்துச்சண்டைக் கூடத்துக்குள் அவன் போனதே இல்லை. போகக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அந்த வருடமே அய்பார் மாவட்டப் போட்டியில் ஜெயித்தான். அதாவது பெகாரிஸ் ஜெயித்தான். பதக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் காலை அணிவகுப்பில் வைத்து மறுபடி மாட்டினார்கள், இந்த முறை சரியான பெகாரிஸின் கழுத்தில். அன்று படுக்கையில் அண்ணன் தம்பிக்கு வழக்கமான இடத் தகராறு.

"டேய் சாம்பியன், தள்ளிப் படு."

"சாம்பியன் நான்தானே? நீ தள்ளு. இன்னைக்கு வாத்தியார் எல்லார் முன்னாடியும் கேட்டாரு, எப்படிப்பா ஜெயிச்சேன்னு."

"என்னடா சொன்னே?"

"தலையால முட்டினேன்னு சொன்னேன்."

"தலையால முட்டினா தோத்துப்போனதாச் சொல்லிடுவாங்கடா, மடையா!"

"அதான் உடற்பயிற்சி வாத்தியார் மட்டும் ஒரு மாதிரி பார்த்தாரா?" என்றவன் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னான்: "ஆனா ஒண்ணுண்ணே. ஒன்பதாம் வகுப்புப் பசங்ககூட எனக்கு வழி விடுறானுங்க. நீ நல்லாவே குத்து."

ஒரு வருடம் இரண்டானது, இரண்டரையானது. அய்பார் உயரவில்லை, உயர விடவில்லை என்றும் சொல்லலாம். போட்டிக்கு முந்தைய வாரம் ரொட்டி கிடையாது, தண்ணீர் அளந்துதான். இரண்டு கம்பளிச்சட்டைகளுக்கு மேல் ரப்பர் சட்டை போட்டுக்கொண்டு நிலக்கரித் தூள் படிந்த கறுப்புப் பனியில் ஓடுவான். எடை பார்க்கும் நாளில் இரண்டு தடவை முகம் மழிப்பான். "பெகாரிஸ், உன் மீசைக்கு எத்தனை வயசுடா?" என்று கூடத்துப் பையன்கள் கத்துவார்கள். சிரிப்பான். சிரித்தபடியே ரிங்கில் ஏறுவான்.

சண்டை முடிந்து நடுவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த அரை நிமிடம்தான் அவனுக்குக் கஷ்டம். ஒலிபெருக்கியில் குடும்பப் பெயரை முன்னால் வைத்து "ஜூனுசோவ், பெகாரிஸ்!" என்று வரும். கை மேலே போகும். தட்டுகிற கைகளெல்லாம் வேறு யாருக்கோ தட்டுவதுபோல இருக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் பெயரைக் கேட்க வேண்டும். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதைக் கேட்பதுகூட அதிகமோ என்று நினைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டான்.

"அகாய், என் பேர்ல எப்ப ஆடுறது?"

கப்பாஸ் அவன் கையில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். "ஏப்ரல்ல உன் தம்பிக்குப் பதினாறு. படம் போட்ட அட்டை வந்துடும். அதோட இந்த நாடகம் முடிஞ்சது. அப்புறம் நீ அய்பார். ஜனவரிப் போட்டி ஒண்ணுதான் பாக்கி."

குளிர்கால விடுமுறையில் நடக்கும் அந்த ஜனவரிப் போட்டி அவர்கள் ஊரிலேயே நடந்தது. தோற்றுப்போன ஏதோ ஒரு ஊர்க்காரன் புகார் எழுதிப்போட்டிருந்தான். மேலிடத்து ஆட்கள் போட்டி நாட்களில் பையன்களின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று கப்பாஸுக்குச் செய்தி வந்தது. பெகாரிஸ் ரிங்கில் இருக்கும்போது இன்னொரு பெகாரிஸ் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க முடியாது. அறுபது கிலோமீட்டர் தள்ளி, புல்வெளிக்கு நடுவில், அம்மாவின் அண்ணன் வீடு இருந்தது. மூன்று நாள் அங்கே இருக்கட்டும் என்று முடிவானது. மாமாவிடம், பையன் விடுமுறைக்கு வருகிறான் என்று மட்டும் சொன்னார்கள். விஷயம் எவ்வளவு குறைந்த ஆட்களுக்குத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது.

பேருந்து நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு அய்பார் கூடப் போனான்.

"அங்க போன்ல சிக்னல்கூட கிடைக்காதுண்ணே. ஆட்டு மூஞ்சியவே பார்த்துக்கிட்டு உட்காரணும்."

"மூணு நாள்தானேடா."

"எனக்குப் போகவே பிடிக்கல. தோத்துத் தொலைஞ்சேன்னு வை, பள்ளிக்கூடத்துல நான் தலைகாட்ட முடியாது, ஆமா."

"ஏறுடா, வண்டி கிளம்புது."

மாமா வீட்டில் பையனுக்கு நல்ல இடமாகக் கொடுத்தார்கள்: முன்னறை, கரி அடுப்புக்குப் பக்கத்தில். மூன்றாம் நாள் குளிர் மைனஸ் முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கியது. பையனுக்குக் குளிருமே என்று, கரி முழுவதும் எரிந்து முடியும் முன்பே மாமா புகைக்குழாயை அடைக்கும் தட்டை மூடிவிட்டார். சூடு வெளியே போகாமல் நின்றது. கரிப்புகையின் நஞ்சும் போகாமல் நின்றது. ஜனவரி ஆறாம் தேதி காலை எழுப்பப் போனபோது பெகாரிஸ் எழுந்திருக்கவில்லை.

அம்மாவுக்கு எட்டு மணிக்குக் கிராமத்து லேண்ட்லைனிலிருந்து தகவல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். காரில் உட்கார்ந்த பிறகு அவள் கப்பாஸைக் கூப்பிட்டாள். "பெரியவன்கிட்ட இப்ப சொல்லாதீங்க அண்ணே. சண்டை முடியட்டும். அழறதுக்கு அவனுக்கு ஆயுசு முழுக்க இருக்கு" என்றாள். அந்த நேரத்தில் அவளால் அதை எப்படி யோசிக்க முடிந்தது என்று அய்பார் பிற்பாடு பல வருடங்கள் யோசித்திருக்கிறான். வீட்டில் ஒன்று போயிற்று, இன்னொன்றாவது நிற்கட்டும் என்று நினைத்திருப்பாள். அவன் கேட்கவில்லை.

நண்பகலில் இறுதிச் சண்டை. எதிராளி நீளக் கைக்காரன். அய்பார் உள்ளே புகுந்து, விலாவில் அடித்து, வெளியே வந்து, மறுபடி புகுந்தான். அவன் ஆடியதிலேயே அதுதான் நல்ல சண்டை. "ஜூனுசோவ், பெகாரிஸ்!" உள்ளூர்க் கூட்டம் பெஞ்சை உதைத்துக் கத்தியது. கப்பாஸ் அவனைத் தோளோடு அணைத்து உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, கையுறைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பெகாரிஸ் இறந்துட்டான்."

ஒரு கணம் அய்பார் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தான். "நான் இங்கதானே அகாய் இருக்கேன்" என்றான்.

மறுநாள் அந்தக் கிராமத்திலேயே அடக்கம் செய்தார்கள்.  ஆட்கள் கலைந்ததும் மாமா கடப்பாரையை எடுத்துவந்து அந்த அடுப்பைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். கப்பாஸ் அய்பாரை ஆட்டுக்கொட்டகைப் பக்கம் அழைத்துப்போனார். அவர் கண்களும் வீங்கித்தான் இருந்தன.

"இறப்புச் சான்றிதழ்ல இன்னும் தேதி எழுதல. ஆறுன்னு எழுதினா, ஆறாம் தேதி காலையில செத்தவன் மத்தியானம் எப்படிடா தங்கம் ஜெயிச்சான்னு கேப்பாங்க."

வீட்டுக்குள்ளிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னை உள்ள தள்ளட்டும், விடு. உனக்கு ரெண்டு வருஷம் தடை. பத்தொன்பது வயசுல வந்து என்ன பண்ணுவே? ஏழுன்னு எழுதச் சொல்றேன். இன்னைக்கு லீவு நாள் வேற, எவனும் கவனிக்க மாட்டான். ஏப்ரல்ல உன் சொந்தப் பேர்ல உன்னை ஏத்துறேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

அய்பார் தலையாட்டினான். ஒரே ஒரு முறைதான் ஆட்டினான். தம்பியின் சாவு ஒரு நாள் நகர்ந்தது. அய்பாரின் பெயருக்கு அதுதான் விலை. ஊர் மருத்துவ உதவியாளர் மேசையில் வைத்து ஏழு என்று எழுதினார்.

கப்பாஸ் வாக்குத் தவறவில்லை. ஏப்ரலில் அய்பாரின் பெயர் பட்டியலில் வந்தது. ஒலிபெருக்கி "ஜூனுசோவ், அய்பார்!" என்றது. அவன் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தான். இரண்டாம் முறை கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்தான். "உன்னைத்தான்டா!" ரிங்கில் ஏறினான். கால்கள் சரியாகத்தான் நகர்ந்தன, கைகள் எழவில்லை. யாருக்காகக் குத்துகிறோம் என்று உள்ளே ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாம் சுற்றில் நடுவர் நிறுத்திவிட்டார். இறங்கும்போது வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது: "செத்துப்போன அந்தத் தம்பிதான்யா பாக்ஸர். இவன்கிட்ட வீட்டுப்பேரு மட்டும்தான் இருக்கு."

அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்குப் போகவில்லை. பள்ளி முடிந்ததும் சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பட்டையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

ஜனவரி வந்தால் வீட்டில் ஒரு கணக்கு, ஊரில் ஒரு கணக்கு. ஆறாம் தேதி அம்மா ஏழு ரொட்டிகளை எண்ணெயில் பொரித்து, இறந்தவனுக்காக ஓதி, அண்டை வீடுகளுக்குக் கொடுப்பாள். ஏழாம் தேதி கூடத்தில் 'சாம்பியன் பெகாரிஸ் ஜூனுசோவ் நினைவுப் போட்டி'. கப்பாஸ்தான் ஆரம்பித்தார். பிராயச்சித்தமாகவும் இருக்கலாம். அந்தப் போட்டியைக் காட்டித்தான் நகராட்சியிடமிருந்து புது ரிங்கும், ஒழுகாத கூரையும் வாங்கினார் என்பதும் உண்மை. ஊருக்கு எல்லாம் தெரியும். ஆனால் சாம்பியன் ஒருவன் செத்தான் என்பது, சாம்பியனாக நடித்தவனின் தம்பி செத்தான் என்பதைவிடச் சொல்ல நன்றாக இருந்தது. சொல்லிச் சொல்லி ஊரே அதை நம்பத் தொடங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு வேறு கதையே தெரியாது.

மூன்றாம் வருடம் அம்மா வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுக்களை முக்காலியில் உட்கார்ந்தாள்.

"கூடத்துச் சுவத்துல பெருசா ஒரு படப் பலகை கட்டியிருக்காங்க. போய்ப் பார்."

"என்ன படம்மா?"

"பேரு சின்னவனோடது. பிறந்த வருஷம், செத்த வருஷம் போட்டிருக்கு. மூஞ்சி உன்னுது." அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "உயிரோட இருக்கிறவன் மூஞ்சிக்குக் கீழ செத்த வருஷத்தை எழுதித் தொங்கவிட்டிருக்காங்க. எனக்கு இருக்கிறது ஒண்ணுதான்டா, என் குதிரைக்குட்டி. அதை எடுக்கச் சொல்லு."

அய்பார் போய்ப் பார்த்தான். தலைக்கவசத்துக்குள் பதினாறு வயது முகம், மேலே தூக்கிய கையுறை. எந்தச் சண்டை என்றுகூட அவனுக்கு நினைவிருந்தது. கப்பாஸ் உள்ளே நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்தை எடுத்துடுங்க அகாய்."

"எடுத்துட்டு?"

"தம்பி படம் போடுங்க. வீட்டுல இருக்கு."

"அந்தக் கண்ணாடிப் பையனைப் பார்த்தா எவன் பாக்ஸர்னு நம்புவான்? மேலிடத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்கடா. தோண்ட ஆரம்பிச்சா கூடத்தைப் பூட்டிடுவாங்க. நாப்பது பசங்க இருக்கானுங்க. இங்க இல்லேன்னா அவனுங்க எங்க இருப்பானுங்கன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ரயில் பாதையோரம், பாட்டிலும் கையுமாக.  வீட்டுக்கு நடக்கும்போது தன்னையே கேட்டுக்கொண்டான். இது அம்மாவுக்காகவா? தம்பிக்காகவா? அல்லது அந்தப் பலகையைப் பார்த்ததும் 'அது நான்தான்' என்று கத்த வேண்டும்போல இருந்ததே, அதற்காகவா? பிரித்துப் பார்க்க முயன்றான். முடியவில்லை.

ஏழாம் தேதி தொடக்க விழாவில், இறந்தவனின் அண்ணன் என்ற முறையில் அவனை ரிங்குக்குள் அழைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் நன்றி சொல்லிவிட்டு இறங்குவான். இந்த வருடம் சட்டைக்குள்ளிருந்து பள்ளிக்கூடப் படம் ஒன்றை எடுத்தான். கைக்குட்டை அளவுதான் இருக்கும். பின் வரிசைக்குத் தெரிந்திருக்காது.

"இதுதான் பெகாரிஸ்" என்றான். "இவன் ஒரு நாளும் க்ளவுஸ் போட்டதில்லை. இவன் செத்தது ஆறாம் தேதி காலையில. ஏழுன்னு எழுதினதுக்கு நான்தான் சம்மதிச்சேன். வெளியில தொங்குற படத்துல இருக்கிறது நான்."

பையன்கள் சிலர் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கை என்று நினைத்தார்கள் போலும். முன் வரிசையில் இருந்த மேலிடத்து ஆள் பேனாவை எடுத்தார்.

"தம்பி, யோசிச்சுப் பேசு. அப்ப ஆறாம் தேதி மத்தியானம் ஜெயிச்சது யாரு?"

"நான்தான். அய்பார் ஜூனுசோவ்."

குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. சந்தோஷமாகவும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை அவன் இன்றுவரை மன்னித்துக்கொள்ளவில்லை. கப்பாஸ் மூலையில் தலையைக் குனிந்து நின்றிருந்தார். பலகையை அவரே ஏணி வைத்து இறக்கினார்.

பிறகு நடந்தவை எல்லாம் எதிர்பார்த்தவைதான். முப்பத்தெட்டு சண்டைகளையும் பெகாரிஸின் பெயரிலிருந்து அடித்தார்கள். அய்பாரின் பெயரில் எழுதவில்லை. அப்படி எழுத விதியில் இடமில்லையாம். கப்பாஸின் உரிமம் போயிற்று. கூடம் வசந்தம்வரை பூட்டிக் கிடந்தது. வீட்டுக் கதவில் யாரோ கரியால் கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போனார்கள். பழைய கூட்டாளி ஒருவன் சுரங்க வாசலில் வழிமறித்து, "செத்தவனுக்கு ஒரு நாள் கூடிப்போச்சுன்னா உனக்கென்னடா குறைஞ்சுது?" என்று கேட்டான். அடிப்பான் என்று அய்பார் எதிர்பார்த்தான். அடிக்காமல் போய்விட்டான்.

ஆனால் இவையெல்லாம் நடப்பதற்கு முன்பே, விழாவுக்கு மறுநாளே, அம்மாவும் அவனும் கிராமத்துக்குப் போனார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா கல்லறைக்குப் போனாள். அய்பார் கொட்டகையில் மாமாவோடு நின்றான். மாமா ஆடுகளுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் தாடி முழுவதும் வெளுத்துவிட்டது. குனிந்தபடியே கேட்டார்.

"அவனை ஒளிச்சு வைக்கத்தான் இங்க அனுப்பினீங்களாமே."

"ஆமா மாமா."

"எங்கிட்ட யாரும் சொல்லல."

"சொல்லியிருக்கணும்."

மாமா கையிலிருந்த வைக்கோலைப் போடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "நான் தினமும் நினைச்சுக்குவேன். என்னைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு வந்த பிள்ளையை நானே கொன்னுட்டேனேன்னு. அந்த ஆசைப்பட்டு வந்தான்கிறது ஒண்ணுதான் எனக்கு…" முடிக்கவில்லை. "ஆசைப்பட்டெல்லாம் வரல, இல்லையா?"

எல்லாவற்றையும் உள்ளபடியே சொல்வது என்று நேற்றுத்தான் அய்பார் முடிவு செய்திருந்தான்.

"வரணும்னு ரொம்ப ஆசை மாமா அவனுக்கு" என்றான். "பேருந்துல ஏறுறவரைக்கும் உங்க ஆடுங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தான்."

மாமா அவனை நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வைக்கோலை உதறிப் போட்டு, அடுத்த கட்டை அவிழ்க்கக் குனிந்தார். அய்பார் பக்கத்தில் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.